நோரீனுக்கு ஒரு விமானம்

"அவளுக்கு விமானம் குடுத்தாச்சா மாப்ள?" என்று கேட்டான் ரூபன். நோரீன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

"பழகின நாள்லேர்ந்து அதானடா குடுத்துட்டிருக்கேன்" என்றான் எலீசியோ, டாக்கோவின் மேல் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே. கடை பெஞ்சில் இருந்த கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நம்மூரில் அல்வா கொடுப்பது மாதிரி, மெக்சிகோ சிட்டியில் விமானம் கொடுப்பது. எதிராளி சொல்வதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஒன்றையும் செய்யக் கூடாது. எலீசியோ அதில் பலே கில்லாடி.

நோரீன் அமெரிக்காக்காரி, அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். மெக்சிகோவின் மேற்குக் கோடியில், லா பாஸ் கடற்கரையில் சின்னதாக ஒரு ஹோட்டல் நடத்துகிறாள். மாதம் ஒரு தடவை தலைநகருக்கு வருவாள். மெர்செட் சந்தைக்குத் தனியாகவே போய், பேரம் பேசி, ஹோட்டலுக்குப் போர்வையும் தட்டும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் எலீசியோவைப் பார்ப்பாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் கல்யாணம். அவனுக்கு வேண்டியது அந்த ஹோட்டலின் மேனேஜர் நாற்காலி.

"மியூசியத்தை இன்னிக்கு எத்தனை மணிக்கு மூடுவாங்க மாப்ள?" ரூபன் அவள் முகத்தைப் பார்த்தே கேட்டான். அவள் வயசுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் அது.

நோரீன் மலர்ந்து சிரித்தாள். "மியூசியம் எனக்கு மிகவும் பிடிக்கும். நாம் அனைவரும் செல்லலாமா?" அவள் பேசும் ஸ்பானிஷ் எப்போதும் அப்படித்தான், பாடப் புத்தகம் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஒருத்தனுக்குப் புரையேறி, மூக்கு வழியாகக் கோலா வந்தது. அவள் அவன் தலையில் தட்டிக்கொடுத்தாள். பாவி மக்கள், அதற்கும் சிரித்தார்கள்.

"எலீசியோ, நமது திருமணம் எப்பொழுது?" என்றாள்.

"மழை நிக்கட்டும் கண்ணு, மறுநாளே வச்சுக்கலாம்." அவள் கையைத் தடவிவிட்டு ரூபன் பக்கம் திரும்பினான். "கல்லாவுல உக்காந்துட்டா, அப்புறம் எவன்டா இந்தக் கிழவியக் கட்டுவான்? அதுவரைக்கும் விமானம்தான்."

நோரீன் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "விமானம்! ஆம், அன்பே! நானும் உனக்கு விமானம் கொடுப்பேன். வியாழக்கிழமை புறப்பட்டு வா. இனி நீதான் மேனேஜர்."

பெஞ்சே குலுங்கியது. ரூபன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடக்க வேண்டியதாயிற்று.

மறுநாளே எலீசியோ டயர் கடை வேலையை விட்டான். அதையாவது மரியாதையாக விட்டானா? சாவிக்கொத்தை முதலாளி முன்னால் விட்டெறிந்து, "உன் மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன்யா" என்று நாலு பேர் கேட்கக் கத்திவிட்டு வந்தான். வாடகை அறையைக் காலி செய்தான், மோட்டார் சைக்கிளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். தெருவே அவனை மேனேஜர் என்று கூப்பிட்டது.

வியாழக்கிழமை விமான நிலையத்தில், கவுண்டர் பெண் அவன் பெயரைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள். "உங்க பேர்ல டிக்கெட்டே போடலையே சார்."

வழியனுப்ப வந்த ரூபன் கையில் பலூனோடு விழித்தான். எலீசியோ நோரீனைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"நோரீன், டிக்கெட் இல்லைங்கிறாங்க! நான் வேலையை விட்டுட்டேன், ரூமையும் விட்டுட்டேன். இப்ப எங்க போவேன்?"

அந்தப் பக்கம் ஹோட்டல் சமையல்கட்டில் பாத்திரம் உருண்டது. யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். பிறகு நோரீன் பேசினாள்.

"அதான் விமானம் குடுத்துட்டேனேடா மாப்ள, பத்தலையா?"