மூன்றாவது கட்டம்

தையல்காரி வெறுந்தரையில் மண்டியிட்டு, கழுத்தில் தொங்கும் டேப்பால் அளந்து அளந்து, துணியில் கோடு போடும் சாக்கால் கட்டம் வரைகிறாள். அவளும் கணவனும் அவள் அப்பாவும் குடியேற, கைக்கு எட்டுகிற விலையில் ஊரில் இருப்பது இந்த ஒற்றை அறை மட்டும்தான். ஜன்னல் வெயில் கைக்குட்டை அகலத்துக்கு உள்ளே விழுந்திருக்கிறது. இது அவளுக்கும் கணவனுக்கும் கட்டில், இது தையல் மிஷின், கதவோரம் அப்பாவின் கட்டில். கணவன் கதவைத் திறக்கிறான். அது அப்பாவின் கட்டத்துக்கு நடுவில் போய் நிற்கிறது. “பிளவுஸ்னா பிரிச்சு லூஸ் பண்ணிடுவீங்க, சுவத்தை என்னம்மா பண்ணுவீங்க?” என்று வீட்டுத் தரகர் மட்டும் சிரிக்கிறார். “இன்னொரு தடவை அளந்து பாக்கறேன்ப்பா” என்கிறாள் அவள் அப்பாவிடம், நிமிராமலே. வாசலில் நிற்கும் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தன் கட்டத்தை வெறுங்காலால் மெதுவாகத் தேய்த்து அழிக்கிறார். “இப்ப கதவு நல்லாத் திறக்குது பாரும்மா.”