தூக்கவா, குறைக்கவா

“இந்த வயசுல உனக்கு இது தேவையா?”

ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்ததும் நாத்தனார் கேட்ட முதல் கேள்வி. வெறுங்கையோடு வந்திருந்தாள். திட்டுவதற்குக் கையில் என்ன வேண்டியிருக்கிறது?

கட்டிலில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி அசையவில்லை.

“உட்காருங்க அண்ணி. நின்னுக்கிட்டே திட்டினா கால் வலிக்கும்.”

அறையில் ஒரே நாற்காலி. அதில் கணவர் இருந்தார். எழுந்து அக்காவுக்கு இடம் விட்டு, ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டார். பாலிடெக்னிக்கில் ஒரு வகுப்புப் பையன்களையே கட்டி மேய்க்கிறவர். அக்காவைக் கண்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“போன வாரம் உங்க சமையல்கட்டு வாசல்ல நின்னு என் காதால கேட்டேன். தூக்கித் தைக்கிறதா, குறைக்கிறதான்னு ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டிருந்தீங்க. யாருக்குன்னு கேட்டா, ‘எனக்குத்தான்’னு கூசாம சொன்னே. ஏதோ வெறும் பேச்சுன்னு விட்டேன். இப்ப வந்து பார்த்தா கட்டில்லயே ஏறி உட்கார்ந்திருக்கே.”

“மெத்தை நல்லா இருக்கான்னு பார்த்தேன்.”

“கிண்டலா? ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. மூத்தவ வேலைக்கே போறா. இப்பப் போய் அதை…” நாத்தனார் குரலைத் தணித்துக் கதவைப் பார்த்தாள்.

“மார்புன்னு சொல்லுங்க அண்ணி. கெட்ட வார்த்தை இல்ல. நீங்களும் நானும் அங்கதான் பால் குடிச்சு வளர்ந்தோம்.”

“இனிமே யாருக்குக் காட்டறதுக்கு?”

“கண்ணாடிக்கு.”

நாத்தனார் தம்பி பக்கம் திரும்பினாள். “டேய் பெரியம்மா, கேட்டியா இவ பேசறதை?”

தம்பிக்கு அவள் வைத்த பட்டப்பெயர் அது. பள்ளிக்கூட நாளில் வைத்தது, தம்பிக்கு மீசை நரைத்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது.

“அவரை விடுங்க. எதுவானாலும் என்கிட்ட பேசுங்க.”

“பேசறேன். தூக்கறதுன்னா கூடப் புரியுது. ஏதோ அழகு, புருஷன் மனசு, ஒழியட்டும். குறைக்கிறதுன்னு ஒண்ணு உண்டா? இருக்கறதைக் குறைச்சுக்கறேன்னு வந்து நிக்கிறவளை இப்பத்தான் பார்க்கறேன்.”

“தூக்கினா இடம்தான் மாறும், கனம் மாறாது. மூட்டையைப் பரண் மேல ஏத்திட்டா மூட்டை காணாமப் போயிடுமா?”

“கடவுள் கொடுத்த உடம்பு.”

“போன மாசம் உங்க கண்ணுல வச்ச லென்சும் அவர் கொடுத்ததுதானா?”

நாத்தனாரின் மூக்கு நுனி சிவந்தது. “என் தம்பியைப் பாரு. சர்க்கரை வந்து பாதி ஆளா இளைச்சுட்டான். சட்டை தொளதொளன்னு தொங்குது. அவனைக் கவனிக்காம உனக்கு ஆபரேஷன் கேக்குதா? நீச்சல் குளத்துல கூடச் சட்டையோட இறங்கற கூச்சக்காரன் அவன். அவனுக்கு இப்படிக் கூச்சமே இல்லாத ஒருத்தி வந்து வாய்ச்சிருக்காளே. சொந்தக்காரங்க எல்லாம் சிரிக்கிறாங்க.”

“அவங்களுக்கு யார் சொன்னா?”

“மனசு தாங்காம நம்ம மனுஷங்க நாலு பேர்கிட்ட சொன்னேன்.”

“நல்லது அண்ணி. யாராவது விட்டுப் போயிருந்தா அவங்களுக்கும் சொல்லிடுங்க. எனக்குத்தான்னு மறக்காம சொல்லுங்க. சிரிக்கிறவங்க என் பேரைச் சொல்லிச் சிரிக்கட்டும். என் தோல் தடிமன்.”

ஜன்னல் ஓரத்திலிருந்து கணவர் தொண்டையைச் செருமினார்.

“இன்னைக்கு வேண்டாமே. வீட்டுக்குப் போயிடலாம்.”

“பார்த்தியா, அவனுக்கே இஷ்டமில்ல,” என்றாள் நாத்தனார்.

“போன தடவையும் வாசல் வரைக்கும் வந்துட்டு இப்படித்தான் திரும்பினோம்,” மனைவி கணவரைப் பார்த்துச் சொன்னாள். “இன்னைக்குத் திரும்பறதா இல்ல. யார் வந்து குதிச்சாலும் சரி.”

குதித்தவளுக்கு அது உறைத்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. நர்ஸ். ஒரு கையில் பச்சை அங்கி, இன்னொரு கையில் தடிமனான நீல மார்க்கர் பேனா.

“டாக்டர் கோடு போட வந்துக்கிட்டிருக்கார். தூக்கித் தைக்கிறது மட்டும் போதுமா, இல்ல குறைச்சிடலாமா? முடிவு பண்ணியாச்சா?”

அதுவரை எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மனைவி, இந்த ஒரு கேள்விக்கு வாயைத் திறக்கவில்லை. சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனாருக்கு அது போதும். நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“பயம் வந்துடுச்சு பாரு. டேய் பெரியம்மா, இதுதான் நேரம். நீ ஒரு ஆம்பளையா இருந்தா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுடா.”

கணவர் ஜன்னலை விட்டு வந்தார். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டைக்குள் ஒரு பனியன். அதற்குள் மூச்சு முட்டும் இறுக்கத்தில் இன்னொரு பனியன். எல்லாவற்றையும் உருவி மனைவியின் மடியில் போட்டார்.

நாத்தனார் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

அவர் நர்ஸிடம் அங்கிக்காகக் கையை நீட்டினார். “குறைச்சிடுங்க சிஸ்டர்.”

பிறகு அக்காவிடம் திரும்பினார்.

“பதிமூணு வயசுல நாலு பேர் முன்னாடி என் சட்டையைத் தூக்கிக் காட்டி, பெரியம்மான்னு பேர் வச்சியே அக்கா. நாளையிலேருந்து வேற பேர் யோசிச்சு வை.”