மாடியில் தோரா

“தோரா மேலே இருக்கா! என் தோரா மேலே இருக்கா!” என்று அலறியபடி ஹல்வார்ட் எரிகிற வீட்டுக்குள் பாய்ந்ததைத் தெருவே பார்த்தது. தோரா மட்டும்தான் பார்க்கவில்லை. காலையில் கணவரோடு சண்டை போட்டுவிட்டு வெளியேறியவள், பெர்கன் துறைமுகத்திலிருந்து மீன் பையோடு மேடேறி வந்துகொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு குன்வோர் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “அடிப்பாவி, நீ வெளியிலயா இருக்கே? உன்னைக் காப்பாத்தத்தான் அந்த மனுஷன் உள்ள போயிருக்காரு!”

“என்னையா? வாயில நல்லா வருது எனக்கு!” தோரா பையைத் தரையில் எறிந்தாள். “பொம்மைக் கப்பலுங்களைக் காப்பாத்தப் போயிருப்பாரு. அடுப்புப் பக்கத்துல வார்னிஷ் டப்பாவை வைக்காதீங்கன்னு இன்னிக்கும் தொண்டை கிழியக் கத்திட்டுத்தான் போனேன்.”

“இப்ப போய் இதெல்லாம் பேசுவியா?”

“பேசாம? மக கல்யாணத்துக்கு வரல. ஏன்னு கேட்டா, கப்பலுக்குப் போட்ட பசை காயலையாம்! சாப்பாட்டு மேசை பூரா மரத்தூள். எங்கம்மா செத்தன்னிக்குக்கூட ரம்பத்தைக் கீழ வைக்கல. எல்லாம் எரிஞ்சு நாசமாப் போகட்டும்!”

குன்வோர் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். “உன் பேரைச் சொல்லி அவர் கதறினதை நான் இந்தக் காதால கேட்டேன். ‘தோரா மேலே இருக்கா’ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஓடினாரு.”

தோரா நெற்றியைச் சுருக்கினாள். “மேலேயா? முட்டி வலி வந்ததுல இருந்து நான் மாடிப்படியே ஏறினதில்லையே. கீழதானே படுக்கிறேன்?”

“பதற்றத்துல மாடி ஏது, கீழ ஏது? போ!”

மாடி ஜன்னலின் கண்ணாடி வெடித்துச் சிதறியது. தோராவுக்குள் இத்தனை வருஷமாகக் கொதித்துக்கொண்டிருந்தது சட்டென்று அடங்கியது. எனக்காகவா நெருப்பில் இறங்கினார்? அவரைப் பற்றியா இவ்வளவும் பேசினேன்?

“ஹல்வார்ட்! நான் இங்க இருக்கேன்! வெளிய வாங்க!” வாசலை நெருங்கிக் கத்தினாள். தீயணைப்பு வீரர் ஒருவர் அவளைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

புகைக்குள்ளிருந்து ஹல்வார்ட் தள்ளாடி வந்தார். புருவம் கருகியிருந்தது, சட்டையின் ஒரு கை எரிந்து போயிருந்தது. நனைந்த கோட்டில் எதையோ சுற்றி மார்போடு அணைத்திருந்தார்.

தோரா வீரரின் பிடியை உதறிவிட்டு, முட்டி வலியை மறந்து ஓடினாள். அழுதுகொண்டே இரு கைகளையும் விரித்தாள்.

அவளைக் கண்டதும் ஹல்வார்ட் பதறித் திரும்பி முதுகைக் காட்டினார். கோட்டு நழுவியது. உள்ளே மூன்று பாய்மரங்களோடு, சிறு கீறல்கூட இல்லாமல், ஒரு கப்பல்.

“கிட்ட வராதடி! தோராவோட பாய்மரம் முறிஞ்சிடும்!”