பதினாறு வில்லைகளும் பஹ்மிதாவும்

திரையில் ஆய்வாளர் என்ற இடத்தில் ஒரேயொரு பேர்தான் இருந்தது. பஹ்மிதா.

நான் மூன்றாம் வரிசையில், இஸ்திரி போட்ட சேர்ட்டோடு, அந்த ஆய்வின் மற்றப் பாதியாக உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் பிரசாந் குனிந்தான். “மச்சான், உன்ட பேரு அடுத்த படத்தில வருமோ?”

வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை.

பேரியம் டைட்டனேட்டில் கொஞ்சம் ஸ்ட்ரொன்சியம் கலந்து சுட்ட பீங்கான் வில்லைகள். ஒரு ரூபாய்க் குத்திக் காசளவு. பதினாறு. பொடியை நிறுத்துக் கலந்தது அவள், ஒத்துக்கொள்கிறேன். அச்சில் போட்டு அழுத்தியவன் நான். கையில் காய்ப்பு இன்னும் இருக்கிறது.

நுணுக்குக்காட்டிப் படம் வந்தது. ஏழாம் வில்லை. அதன் ஓரத்தை உடைத்தவன்கூட நான்தான்.

பளிங்கு ஒரு பக்கம் நீண்ட பெட்டிபோல இருக்கிறது, சூடாக்கினால் ஒரு கட்டத்தில் எல்லாப் பக்கமும் சமனாகிறது, அந்த இடத்தில் மின்னைத் தேக்கும் திறன் உச்சிக்குப் பாய்கிறது என்று மேடையில் நின்ற பஹ்மிதா விளக்கினாள்.

அது கன்டீனில் நான் தீப்பெட்டியை வைத்துச் சொல்லிக் கொடுத்தது. தீப்பெட்டியும் என்னுடையது.

நாலு மாதம். ஒரே மேசை, ஒரே உலை.

சிறந்த ஆய்வைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வாசிக்க அனுப்புவார்கள். அதில் என் பேர் வரும் என்று நான் வீட்டில் சொல்லி, உம்மா எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் வட்டிலப்பம் குடுத்து முடித்துவிட்டா. வட்டிலப்பத்தைத் திருப்பிக் கேட்க வழியில்லை.

பொறுக்க முடியாமல் எழும்பினேன்.

“இதெல்லாம் நீங்க தனியாச் செஞ்ச வேலையா?”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் எங்கள் மேற்பார்வையாளர் பதியுதீன் சேர் கண்ணாடியைக் கழற்றினார்.

பஹ்மிதாவின் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“ஓம். ரெண்டாந்தரம் தனியத்தான் அளந்தன்” என்று சொல்லி அடுத்த படத்தைப் போட்டாள்.

வரைபு. சூடு ஏற ஏறக் கோடும் ஏறி, ஒரு இடத்தில் கூர்ந்து, விழுந்தது. உச்சி எண்பத்தெட்டுப் பாகையில்.

நாங்கள் அளவுகளை எழுதிய கொப்பியில் அது நூற்றிருபது.

நான் மெல்ல உட்கார்ந்தேன்.

நூற்றிருபது, சுத்தமான பேரியம் டைட்டனேட்டுக்கு. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஸ்ட்ரொன்சியம் சேர்த்தால் உச்சி கீழே இறங்கும். எவ்வளவு இறங்கும் என்று பார்க்கத்தான் அந்த ஆய்வே.

நாங்கள் முதல்தரம் அளந்தது நோன்பு மாதத்தில். நோன்பு திறக்க வீடு போய்ச் சேர வேண்டும் என்று பஹ்மிதா அசர் தொழுகையோடு பஸ் ஏறிவிட்டாள். பின்னேர அளவுகள் என் பொறுப்பு. இரண்டு பாகைக்கு ஒரு தடவை பார்த்து எழுத வேண்டும். உலை எண்பதைத் தொட்டபோது பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது.

பள்ளியில் கஞ்சி குடித்து, தொழுது, இன்னொரு கோப்பை கஞ்சியும் குடித்துவிட்டு வந்தேன். உலை நூற்றைம்பதில் நின்றது.

இடையில் தவறிய முப்பத்துநாலு அளவுகளையும் புத்தகத்தைப் பார்த்து, சந்தேகம் வராதபடி கொஞ்சம் கோணலாகவே நிரப்பினேன்.

ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அளந்தவர் பேர் எழுதவேண்டும்.

முப்பத்துநாலு தடவையும் ‘பஹ்மிதா’ என்று எழுதினேன்.