ஐயாயிரம் கிலோமீட்டர் ஆகட்டும்

டான் எவாரிஸ்தோ என் கடையில் ஆயில் மாற்றும் பள்ளத்தின் மேல் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். நான் எட்டி, ஓடிய தூரத்தைப் பார்த்தேன். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோமீட்டர். வாங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

"காரை ஓட்டுறீங்களா, இல்ல வீட்ல வச்சுத் துடைச்சிட்டே இருக்கீங்களா?" என்றேன்.

வழக்கமாகச் சிரிப்பவர். அன்று சிரிக்கவில்லை.

"சிந்தெடிக் ஆயில் ஊத்திருங்க மாஸ்டர். மலைக்குப் போறேன்."

சமவெளி ஊரான மிலாக்ரோவில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது என் ஆயில் கடை. ஊரே மரியாதையாக 'டான்' என்று அழைக்கும் அவர், சர்க்கரை ஆலையில் முப்பத்தோரு வருடம் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் வாங்கிய முதல் கார் அது. வாங்கிய வாரமே மனைவி சொய்லாவோடு என்னிடம்தான் வந்தார்.

சொய்லாம்மா பிறந்தது மலையில், குவென்கா நகரத்துக்கும் மேலே. அங்கே அவருடைய அக்கா கால் விளங்காமல் படுத்திருந்தார். இருவரும் பார்த்து ஆறு வருடம். இடுப்பு எலும்பு தேய்ந்துபோனதால் சொய்லாம்மாவால் பேருந்தில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. அதற்காகத்தான் காரே.

அந்த முதல் நாள் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு நான் பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன்: "புது இன்ஜின். ஐயாயிரம் கிலோமீட்டர் ஆகட்டும். அதுவரைக்கும் சாதா ஆயில்தான். பக்கத்துல மட்டும் ஓட்டுங்க, பழகட்டும். அப்புறம் சிந்தெடிக் ஊத்தித் தர்றேன், மலை என்ன, வானத்துக்கே போங்க."

"இது காரா மாஸ்டர், பச்சப்புள்ளையா? தொட்டில்ல போட்டு ஆட்டச் சொல்வீங்க போல" என்றார் சொய்லாம்மா. கடையே சிரித்தது.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். இருபது வருடமாக நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஐயாயிரம் ஆகவில்லைதான்; ஆனாலும் அவர் சிரிக்காத முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்டபடியே பழைய எண்ணெயை வடியவிட்டேன். மலைக் குளிருக்கு எந்த நம்பர் ஆயில் என்று சரிபார்க்க, காருக்குள் இருந்த கையேட்டை எடுத்தேன். சாதாரணமாக நான் அதையெல்லாம் திறப்பதில்லை.

நம்பர் இருந்த பக்கத்திலேயே மற்றதும் இருந்தது. இந்த இன்ஜினுக்குத் தொழிற்சாலையிலேயே சிந்தெடிக் ஆயில்தான் ஊற்றி அனுப்புகிறார்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு ரொம்ப விரட்ட வேண்டாம். அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

ஐயாயிரம் என்ற எண்ணே அங்கே இல்லை.

முதல் தடவை நான் வடித்துக் கொட்டியது அந்த நல்ல எண்ணெயைத்தான்.

இரண்டு முறை படித்தேன். "சொய்லாம்மா வரலையா?" என்று கேட்டுவைத்தேன்.

"பிப்ரவரியில போயிட்டா மாஸ்டர். மூளையில ரத்தக் கசிவு. ரெண்டே நாள்." பின் இருக்கையில் இருந்த துணி மூட்டையைக் காட்டினார். "அவளோட கம்பளி உடுப்பெல்லாம். அக்காவுக்குக் கொண்டு போறேன்."

ஆயிரம் கிலோமீட்டரை இந்தக் கார் எப்போது தாண்டியிருக்கும்? ஏழாவது மாதம், அதிகம் போனால் எட்டாவது மாதம். அப்போது சொய்லாம்மா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். சந்தையில் நானே பார்த்தேன். அன்னாசிப்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டு எண்ணெயை ஊற்றி அனுப்பிவிடலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. அப்படித்தான் நினைத்தேன். மூன்று லிட்டர் ஊற்றும்வரை அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு கை நின்றுவிட்டது.

"டான் எவாரிஸ்தோ, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. ஐயாயிரம்னு ஒரு கணக்கே இந்தக் காருக்குக் கிடையாது. நீங்க போன வருஷமே போயிருக்கலாம். அம்மா அவங்க அக்காவப் பாத்திருக்கலாம். நான்தான் கெடுத்துட்டேன்."

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் மாஸ்டர்."

நான் அவரையே பார்த்தேன்.

"உங்ககிட்ட வந்துட்டுப் போன மறுநாளே அந்தப் புத்தகத்த மொத்தமா படிச்சிட்டேன். மெஷின் பாத்தவன், படிக்காம இருப்பேனா?"

"அப்புறம் ஏன்...?"

"அந்த ரோட்ட நீங்க பாத்திருக்கீங்கல்ல? பனி இறங்குச்சுன்னா முன்னால போற லாரி தெரியாது. ஒரு பக்கம் பூரா பாதாளம். வாழ்நாள் முழுக்க சமதரையில சைக்கிள் மிதிச்சவன் நான். அறுபத்தாறு வயசுல வண்டி ஓட்டப் படிச்சேன். பயமா இருந்துச்சு. அத அவகிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மீதி எண்ணெயை ஊற்றினேன். அளவு பார்த்தேன். மூடியை இறுக்கினேன். அவர் பணத்தை நீட்டியபோது வாங்கவில்லை. மேசை மேல் வைத்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டார்.

காரைக் கிளப்பியும் புறப்படாமல் இருந்தார். பிறகு கண்ணாடியை இறக்கினார். முகம் என் பக்கம் திரும்பவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஆனா கேப்பா, இந்த வாரம் போலாமான்னு. மாஸ்டர் இன்னும் ஐயாயிரம் ஆகலைங்கறாருன்னு சொல்வேன். கடைசி வரைக்கும் உங்களத்தான் வைஞ்சா. என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல."