முட்டி வலி

“அந்த முட்டி சரியாவணும் ஹேமா. மாத்து ஆளே இல்ல. அடுத்த மாசம் நம்ம மானமே அதுலதான் கீது” என்று அர்ச்சனைத் தட்டோடு புலம்பினார் திருவேங்கடம்.

ஹேமாவதிக்குக் கண் கலங்கியது. அடுத்த மாதம் மகள் கல்யாணம். ஆறு மாதமாக அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். ஒரு வார்த்தை கேட்காத மனுஷன், இன்று காட்டுப்பாக்கத்திலிருந்து ஆட்டோ வைத்துத் திருவேற்காடு அம்மனிடம் அழைத்து வந்துவிட்டார்.

“பேர், நட்சத்திரம்?” என்றார் குருக்கள்.

“பிரேசில் டீம் கோல்கீப்பர் சாமி. வேர்ல்டு கப் வருது. நட்சத்திரம்தான் தெரில.”

“கேட்டை. காலையிலேயே ரெண்டு பேர் பண்ணிட்டுப் போனாங்க” என்று குருக்கள் தட்டை வாங்கினார்.

ஹேமாவதி அந்தத் தட்டை எட்டிப் பிடித்தாள்.

“அப்டியே ஹேமாவதி, உத்திரட்டாதி. எங்க ஊட்லயும் மாத்து ஆள் இல்ல சாமி.”