கறியில் ரத்தமில்லை

12 மார்ச் 2041, செவ்வாய்.

இன்று ஒரு தவறு செய்தேன். கோழி வெட்டும் பெல்ட்டில் என் பக்கத்தில் நிற்கும் மாராத்தாள் அக்காவின் விரல் பல்சக்கரத்தில் சிக்கியபோது, உடனே நிறுத்தாமல் மேலே பார்த்தேன். கறியைச் சோதிக்கும் கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. ஒன்றுமில்லையோ என்று தயங்கினேன். அக்கா அலறிய பிறகுதான் நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தேன்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "கறியில ஒரு சொட்டு ரத்தம் படல. அப்புறம் எதுக்குடா நிறுத்துன?"

"அக்கா விரலு போச்சுங்க!"

"கறிக்குள்ளயா போச்சு? கேமராவே சும்மா இருக்குது, உனக்கென்ன?"

கையில் துணியைச் சுற்றிக்கொண்டே அக்கா சொன்னார்: "நானும் கோழியாப் பொறந்திருந்தா அது பாத்திருக்குமுங்க."

மாலைக்குள் என் கைரேகையைப் பொத்தானிலிருந்து நீக்கிவிட்டார்கள். இனி நான் எவ்வளவு அழுத்தினாலும் பெல்ட் நிற்காது. அக்காவின் இடத்தில் நாளை அவருடைய மகள் நிற்கப்போகிறாள். வேலையை விட்டுவிட அவர்களுக்கு வழியில்லை.

வேலை முடிந்து நான் போகும் மாலை வயரிங் வகுப்பில் மெயின் லைனைத் துண்டிப்பது பற்றிச் சொன்னார்கள். எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன்.

நாளைய வேலை: ஷிஃப்ட் தொடங்கும் முன், பெல்ட்டுக்கு மின்சாரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துவைக்க வேண்டும்.